தீர்ப்பு கிடைக்காத அறை: குடும்பச் சிகிச்சைக்குச் செல்லும் சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் என் மனைவியும் என் தகப்பனாரும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் இல்லை. சமையல் முடிந்ததும் என் மனைவி எங்கள் ஐந்து வயது மகளிடம், "தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். குழந்தை கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லும். அப்பா செய்தித்தாளை மடக்காமலே, "கொஞ்சம் கழிச்சு வரேன்னு சொல்லு" என்பார். சமையலறைக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவே பத்தடி தூரம்கூடக் கிடையாது. ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் குழந்தை வந்து சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. மாமனாரிடம் மருமகள் காட்டும் மரியாதை என்றே நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வரத் தொடங்கி, எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன என்று சொன்ன குழந்தைநல மருத்துவர், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான், குடும்பமே ஒன்றாகச் சிகிச்சையாளர் முன் உட்கார்ந்து பேசும் குடும்பச் சிகிச்சை என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

பத்து மாத காலம் அந்த அறைகளில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் மனநல வல்லுநன் அல்லன். அங்கே போவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அவற்றுள் முதன்மையானது, யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது என்பது. நம் குடும்பங்களுக்குப் பஞ்சாயத்து பழக்கமானது: பெரியப்பாவோ தாய்மாமனோ வந்து உட்காருவார், இரு தரப்பையும் விசாரிப்பார், ஒருவரைக் கண்டிப்பார், மற்றவரைப் பொறுத்துப் போகச் சொல்வார், காபி குடித்துவிட்டுக் கிளம்புவார். அதே எதிர்பார்ப்போடு சிகிச்சையாளரிடம் போகிறவர், பணம் கொடுத்தும் தீர்ப்பு வரவில்லையே என்று இரண்டாவது அமர்விலேயே நின்றுவிடுகிறார். நானும் நிற்க இருந்தேன்.

இதன் அடிப்படை என்ன

1950களுக்கு முன் மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நோயாளியைத் தனியாகவே பார்த்தார்கள். உறவினரைச் சந்திப்பது சிகிச்சையைக் கெடுத்துவிடும் என்றுகூடக் கருதினார்கள். அமெரிக்காவில் மரே போவன் என்ற மனநல மருத்துவர் அந்தப் பத்தாண்டில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளை அவர்களுடைய குடும்பத்தாரோடு மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தபோது, ஒருவருடைய பதற்றம் அடுத்தவருக்குத் தாவுவதையும், இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போதெல்லாம் அவர்கள் மூன்றாவது ஒருவரை நடுவில் இழுத்துக்கொள்வதையும் கண்டார். இந்த மூவர் உறவைத்தான் அவருடைய கோட்பாடு 'முக்கோணம்' என்கிறது. எங்கள் வீட்டு முக்கோணத்தின் மூன்றாவது முனை ஐந்து வயதுக் குழந்தை. பல வீடுகளில் அது பிளஸ் டூ படிக்கும் பையனாக இருக்கும், சில வீடுகளில் ஊரிலிருந்து தினமும் தொலைபேசியில் பேசும் அம்மாவாக இருக்கும்.

மேல்நாட்டுச் சரக்கு நம் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று என் அப்பா முதலில் சொன்னார். அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார் என்பதும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்குவது நெடுங்கால வழக்கம் என்பதும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எனவே சிகிச்சையாளரைப் பொறுத்தவரை நோயாளி என்று யாரும் தனியாக இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளை, எதற்கெடுத்தாலும் சீறும் தாத்தா, குடிக்கும் மகன் என்று யாரோ ஒருவரை முன்னிறுத்தித்தான் குடும்பங்கள் வருகின்றன. சிகிச்சையாளரோ அந்த ஒருவரைச் சுற்றி மற்றவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்பதைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தனிச் சிக்கல் இருக்கவே இருக்காது என்று இதற்குப் பொருளில்லை. கற்றல் குறைபாடோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குரிய சிகிச்சை தனியாக நடக்க வேண்டும்.

குடும்பமாகப் போகக் கூடாத நேரங்கள்

இதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருக்குமானால் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது ஆபத்தானது, ஏனெனில் அங்கே தைரியமாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு அன்றிரவு வீட்டில் விலை கொடுக்க நேரிடும். அத்தகைய நிலையில் முதல் தேவை பாதுகாப்பு: பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098, முதியவர் துன்புறுத்தப்பட்டால் 14567. நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தனியே அழைத்து, வீட்டில் பயம் இருக்கிறதா என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிய பேச்சு வீட்டில் எழுந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை அமர்வுவரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது. சென்னையில் 1986 முதல் செயல்பட்டுவரும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. அதுபோலவே, போதையில் இருப்பவரையோ, மனநோய் முற்றிய நிலையில் இருப்பவரையோ குடும்ப அமர்வுக்கு அழைத்துப் போவதில் பயனில்லை. முதலில் மருத்துவம், பிறகு குடும்பம்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் சமரச முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக்கியிருப்பதால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னைக் குடும்ப நீதிமன்றத்திலும் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அது வழக்கின் ஒரு படி. நாம் இங்கே பேசும் சிகிச்சை அதிலிருந்து வேறானது. ஒன்றை முடித்தவர் மற்றொன்றையும் முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

யாரிடம் போவது

சென்னையில் கவுன்சலிங் என்ற பலகைக்குக் குறைவில்லை. பலகைக்குப் பின்னால் இருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்பது அவமரியாதை ஆகாது. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். மனநல சமூகப் பணியாளர்கள் என்ற பிரிவினர் குடும்பங்களோடு பணியாற்றுவதையே முதன்மையான பயிற்சியாகப் பெற்றவர்கள், ஆனால் மக்களிடையே அவர்களைப் பற்றி அதிகம் தெரியவில்லை. பட்டம் மட்டும் போதாது. தனிநபர்களுக்கு அருமையாக ஆலோசனை சொல்லும் ஒருவர் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் திணறலாம். குடும்பமாகப் பார்ப்பதற்குத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணம், அமர்வின் நேரம், வர முடியாமல் போனால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளர் பிரிவும் உள்ளன. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நகரம் இது. 1794இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் வாசலில் சீட்டு வாங்க நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த வசவு எவ்வளவு மலிவானது என்று தெரியும். வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால், 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையான ஸ்கார்ஃப் அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. குடிப்பழக்கம்தான் வீட்டை உலுக்குகிறது என்றால், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கி இப்போது அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையில், குடிப்பவருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளில் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இரகசியம். குடும்பத்தில் ஒருவர் சிகிச்சையாளருக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பி, "இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று எதையோ சொன்னால் அவர் என்ன செய்வார்? சிலர் அத்தகைய இரகசியங்களை ஏற்பதே இல்லை. சிலர் கேட்டுக்கொண்டு, அதைச் சொன்னவரே அமர்வில் சொல்லும்படி தயார்செய்கிறார்கள். எந்த முறையானாலும் அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சையாளரே வீட்டின் புதிய முக்கோணத்தில் மூன்றாவது முனையாகிவிடுவார். வெளியாருக்குச் சொல்வதைப் பற்றிய அச்சம் வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது.

மற்றொன்று, மொழி. நாங்கள் முதலில் போன இடத்தில் ஆலோசகர் சரளமாக ஆங்கிலம் பேசினார். நானும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் என் மனைவியும் எங்கள் குறைகளை அழகாகக் கோத்துச் சொன்னோம். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற என் அப்பா இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் முரண்டு பிடிப்பதாக அன்று ஆலோசகர் உட்பட எங்கள் மூவருக்கும் தோன்றியது. உண்மையில் அந்த அறையில் அவருக்குப் பேச வாயில்லை. வீட்டின் மூத்தவர் எந்த மொழியில் கோபப்படுவாரோ அந்த மொழியில் அமர்வு நடக்க வேண்டும் என்பது நான் பட்டறிந்த விதி. அந்த ஆலோசகர் கடைசியில் என் மனைவியிடம் பெரியவர்களை அனுசரித்துப் போகும்படி அறிவுரையும் சொல்லி அனுப்பினார். பெரியப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார், கட்டணம் இல்லாமல்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று மயிலாப்பூர்க்காரர் அண்ணா நகருக்கும் வேளச்சேரிக்காரர் நுங்கம்பாக்கத்துக்கும் போவதுண்டு. தவறில்லை. ஆனால் அமர்வு முடிந்து மாலை ஏழு மணிப் போக்குவரத்தில் நான்கு பேர் ஒரே காரில் ஒரு மணி நேரம் அடைபட்டுத் திரும்ப வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே அரைகுறையாகத் திறந்த பேச்சு கோயம்பேடு பாலத்தின்மேல் சண்டையாக வெடிக்கும். அமர்வைப் பற்றி மறுநாள்வரை பேசுவதில்லை என்று நாங்கள் உடன்படிக்கை செய்துகொண்டோம். திரும்பும் வழியில் எங்காவது இறங்கி டிபன் சாப்பிட்டோம். அந்த உடன்படிக்கை சிகிச்சைக்கு நிகராக உதவியது என்றே நினைக்கிறேன்.

வர மறுப்பவரை அழைப்பது

"உங்களை மாற்றுவதற்கு ஓர் இடம் இருக்கிறது" என்ற தொனியில் அழைத்தால் தன்மானம் உள்ள எவரும் வரமாட்டார். கோயிலுக்குப் போகலாம், பல் மருத்துவரைப் பார்க்கலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போவது அதைவிட மோசம். வாசலில் பலகையைப் படித்த கணத்தில் அவர் மனத்தில் விழும் பூட்டைச் சிகிச்சையாளர் திறக்கவே பல அமர்வுகள் ஆகும். உண்மையை, அதுவும் உங்களைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஆங்கில அமர்வுக்குப் பிறகு நாங்கள் வேறு சிகிச்சையாளரிடம் மாறியபோது அப்பா வர மறுத்தார். அவரிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான்: "பாப்பாவுக்கு வயித்துவலி வருது. நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எனக்குப் புரியலை. நீங்க ஒரு தடவை வந்தா உதவியா இருக்கும்." தம்மிடம் உதவி கேட்கிறார்கள் என்று தெரிந்தால் வரக்கூடிய பெரியவர்கள், தமக்குச் சிகிச்சை என்றால் வருவதில்லை. இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. அவர் உதவி எங்களுக்கு மெய்யாகவே தேவைப்பட்டது.

அப்படியும் வரவில்லை என்றால் வருகிறவர்களோடு தொடங்கலாம். குடும்பத்தில் ஒருவர் தம் பங்கை மாற்றிக்கொண்டால் மற்றவர்களும் இடம் மாறி நின்றாக வேண்டியிருக்கும் என்பது போவனின் கருத்து. அவர் ஒரே ஒருவரோடு மட்டும் பணியாற்றியதும் உண்டு. அந்தப் புதிய இடத்தில் அப்பா முதலிரண்டு அமர்வுகளுக்கு வரவில்லை. அவருக்கென்று ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

முதல் சில அமர்வுகளில் நடப்பவை

ஓர் அமர்வு பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ இருக்கும். நுழைந்ததும் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையே சிகிச்சையாளர் கவனிப்பார். சால்வடார் மினுச்சின் வகுத்த அமைப்புமுறைக் குடும்பச் சிகிச்சையில் இடம் மாற்றி உட்காரவைப்பதே ஒரு கருவி. எங்களில் நான் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, "மாமாவுக்கு நான் வேலைக்குப் போறது பிடிக்கலை" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் உடனே அப்பா பக்கம் திரும்பி அதை மென்மையாக்கி மொழிபெயர்க்கத் தொடங்கினேன். சிகிச்சையாளர் என்னை எழுந்து சன்னலோரம் உட்காரச் சொன்னார். பிறகு என் மனைவியிடம், "இதை மாமாவைப் பார்த்தே சொல்லுங்கள்" என்றார். ஒரு நிமிடத்துக்கும் மேல் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் என் மனைவி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அதே வாக்கியத்தைச் சொன்னார். அப்பா, "வேலைக்குப் போறது பிடிக்கலைன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ராத்திரி பத்து மணிக்குத் தனியா வர்றியேன்னுதான்..." என்றார், முடிக்கவில்லை. இத்தனை மாதங்களும் குழந்தை மட்டும்தான் தூது போகிறது என்று நினைத்திருந்தேன். நானும் போய்க்கொண்டிருந்தேன் என்று சன்னலோரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கேள்விகளும் சுற்றிவளைத்தே வரும். மிலான் நகரச் சிகிச்சையாளர்கள் உருவாக்கிய முறை இது: கோபப்படுகிறவரிடம் ஏன் கோபப்படுகிறீர்கள் என்று கேட்காமல், மகளிடம், "அப்பா கோபப்படும்போது அம்மா என்ன செய்வார், அப்போது தம்பி எங்கே இருப்பான்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களின் கண்ணில் தாம் எப்படித் தெரிகிறோம் என்று முதன்முறையாகக் கேட்டறிவது பல நேரங்களில் இந்தக் கேள்விகளின்போதுதான். எரிச்சலூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தலைமுறை வரைபடம் ஒன்றையும் போடச் சொல்வார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு, பகைக்கு வளைந்து நெளியும் கோடு. போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு தாளில் இதை வரைந்துபார்க்கலாம். பெரியவர்களைப் பேசவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. என் அப்பாவின் தந்தையும் தம் மூத்த மருமகளோடு பல ஆண்டுகள் பேசியதில்லை என்ற செய்தி அப்படித்தான் வெளிவந்தது. அதை அப்பா ஒரு குடும்பப் பெருமை போலத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே. மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். ஆகவே பயிற்சிகள் கொடுத்தனுப்புவார்கள். அவற்றில் எங்களுக்குப் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

தூதை நிறுத்துவது முதலாவது. "அவர்கிட்ட சொல்லிடு" என்று யாராவது உங்களிடம் சொன்னால், "நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று பதில் சொல்லப் பழகுங்கள். குழந்தையிடம் சொல்லப்பட்டது உங்கள் காதில் விழுந்தால் குழந்தை வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் நேரே பதில் சொல்லுங்கள். முதல் வாரம் நாடகம் போலத் தோன்றும். எங்கள் மகள் தன் வேலை போய்விட்டது என்று அழுதாள்.

திருப்பிச் சொல்லும் பயிற்சி இரண்டாவது. இருவர் உட்கார்ந்து, ஒருவர் கைப்பேசியில் மூன்று நிமிட அலாரம் வைத்துக்கொண்டு பேச வேண்டும்; மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும்; பேசியவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில். சின்ன வீட்டில் தனிமை எங்கே என்று கேட்பீர்கள். மொட்டை மாடி எதற்கு இருக்கிறது? இரவு எட்டரை மணிக்குத் துணிக்கொடிகளுக்கு நடுவே நானும் என் மனைவியும் இதைச் செய்தோம். மூன்று நிமிடம் குறுக்கிடாமல் இருப்பது எவ்வளவு நீளமான காலம் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

குறை சொல்லும் வாக்கியத்தின் தொடக்கத்தை மாற்றுவது மூன்றாவது. இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "நீங்க என்னை மதிக்கறதே இல்லை" என்றால் எதிராளி உடனே மதித்த நாள்களின் பட்டியலை எடுப்பார். "நேத்து என்னைக் கேக்காம முடிவு எடுத்தது எனக்குக் கஷ்டமா இருந்தது" என்றால் மறுக்க இடமில்லை, ஏனெனில் அது எனக்கு நேர்ந்தது. 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம் நம் மொழியில் இயல்பாகவே இருக்கிறது. சண்டையின்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை. 'எப்பவும்', 'ஒரு நாளாவது' ஆகிய சொற்களை ஒரு மாதம் விலக்கிவையுங்கள்.

குடும்பச் சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான வர்ஜீனியா சதீர், நெருக்கடியில் மனிதர்கள் எடுக்கும் நான்கு நிலைகளைச் சொன்னார். வீட்டுச் சண்டை ஒன்றை நினைத்துக்கொண்டால் நான்கு குரலும் கேட்கும். பணிந்துபோகிறவர், "எல்லாம் என் தப்புதான், விடுங்க" என்பார். பழி சுமத்துகிறவர், "உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்" என்பார். கணக்குப் பார்க்கிறவர், இரண்டு மாத கரண்ட் பில்லை எடுத்துவைத்து ஏ.சி. யார் அறையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நிதானமாக விளக்குவார். திசைதிருப்புகிறவர், "காபி ஆறிடப் போகுது, வாங்க" என்பார். நான் கடைசி வகை. உங்கள் நிலை எது என்று நீங்களே சொல்லிப்பாருங்கள். பிறகு வீட்டாரிடம் கேளுங்கள், விடை ஒன்றாக இருக்காது.

எல்லை என்ற சொல்லும் அமர்வுகளில் அடிக்கடி வரும். கூட்டுக்குடும்பத்தை உடைக்கச் சொல்கிறார்கள் என்று பெரியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். மினுச்சின் சொன்ன எல்லை, யாருடைய பேச்சு எந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான். கணவன் மனைவியின் சம்பளக் கணக்கு, அவர்களுடைய சண்டை ஆகியவை அவர்கள் அறையோடு. குழந்தைக்கு எந்தப் பள்ளி என்பது பெற்றோர் முடிவெடுத்துவிட்டுப் பெரியவர்களிடம் கலந்து பேச வேண்டியது. தாத்தாவும் பேத்தியும் சாயங்காலம் பூங்காவுக்குப் போய் என்ன வாங்கித் தின்றார்கள் என்பதில் பெற்றோர் தலையிட வேண்டியதில்லை. கதவு இருக்க வேண்டும், தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இதை எழுதியே வைத்தோம். குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்த அந்தத் தாளில் அப்பா பச்சை மையால் ஒரு வரியைத் திருத்தியிருந்தார்.

வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் இன்னொன்றும் சேரும். அவரை ஓயாமல் குறைகூறுவது, வெறுப்பைக் காட்டுவது, அளவுக்கு மீறி அவர் வாழ்க்கைக்குள் புகுந்து தாங்குவது ஆகிய மூன்றும் மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்று 1960களிலிருந்து லண்டன் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. மூன்றாவதைக் கவனியுங்கள்: ஊட்டிவிட்டுக் குளிப்பாட்டித் தூங்கவைக்கும் அம்மாவின் அன்பும் இந்தக் கணக்கில் வருகிறது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் சிகிச்சையாளர் தேவை.

எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவது

மூன்றாவது நான்காவது அமர்வுக்குள் நிலைமை முன்பைவிட மோசமானதாகத் தோன்றலாம். பல ஆண்டுகள் பேசாதவை பேசப்படுகின்றன. அந்த வாரங்களில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஏழெட்டு அமர்வுகளுக்குப் பிறகும் எதற்காக வருகிறோம் என்பதே தெளிவாகவில்லை என்றாலோ, சிகிச்சையாளர் தொடர்ந்து ஒருவர் பக்கமே சாய்கிறார் என்று இருவருக்கு மேல் நினைத்தாலோ, அதை அவரிடமே சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டுக்கொள்ளும் விதத்திலிருந்து தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். முதல் அமர்விலேயே இலக்கை அளக்கக்கூடியதாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் குறையும். 'ஒற்றுமையாக இருக்க வேண்டும்' என்பதை அளக்க முடியாது. 'வாரம் இரண்டு இரவாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்' என்பதை அளக்கலாம்.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாமல் இடைவெளியைக் கூட்டுவது வழக்கம்: வாரம் ஒன்று, பிறகு இரு வாரம், பிறகு மாதம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் மனைவி இரவு நேர வேலையிலிருந்து திரும்புவது குறித்த வாக்குவாதம் இன்றும் இருக்கிறது. அப்பா அதை இப்போது அவரிடமே சொல்கிறார், என் மனைவியும் அவரிடமே மறுத்துப் பேசுகிறார், சில நாள்களில் சத்தமாகவே. குழந்தையின் வயிற்றுவலி ஐந்தாம் மாதத்தில் குறைந்து, பிறகு நின்றுவிட்டது; தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் வரும். கடைசி அமர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்துபோகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதியை நானும் என் மனைவியும் மறந்துவிட்டோம். அன்று காலை தண்ணீர் லாரி வந்த சத்தத்தில் எழுந்துபோனால், அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "ஏம்மா, பதினோரு மணிக்குத்தானே போகணும்? குடத்தை நான் பார்த்துக்கறேன், நீ போய்க் கிளம்பு" என்று சமையலறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.